கோபுரம் தெரியும் மனை

— பிளான் நகல் ஒண்ணு வேணும், பாய். அதுக்குத்தான் வந்தேன். உக்கார நேரமில்லை.

— தரேன் சார், தராம எங்க போயிடப் போறேன்? முதல்ல உள்ள வாங்க. கீத்துக் கொட்டகைதான், ஆனா வாய்க்கா காத்து வரும். நான் போட்ட லெட்டர் கிடைச்சுதா?

— கிடைச்சது.

— அதுல பாதிதான் எழுதினேன். மீதியை நேர்ல சொல்லணும்னு வெச்சிருக்கேன். முழுசா எழுதினா தபால்காரனே வந்து மனை கேப்பான்.

— பாய், பிளான்.

— பிளான் பெட்டியில இருக்கு, பெட்டிச் சாவி மடியில இருக்கு, நானும் இங்கதான் இருக்கேன். சௌரிராஜன் சார், நெசத்தைச் சொல்லிடறேன். இன்னிக்கு உங்களைச் சும்மா விட மாட்டேன். உங்க பதினேழாம் நம்பர் மனை இருக்கே, அது இப்ப தங்கம்.

— அப்படியா.

— என்ன அப்படியா? அறுபத்தொண்ணுல நீங்களும் உங்க வீட்டம்மாவும் வந்தப்ப இது என்ன? நெல் வயல். செருப்பைக் கையில தூக்கிக்கிட்டு வரப்பு மேல நடந்து வந்தீங்க. புத்தூர் நாலு ரோட்டைத் தாண்டினா மனுஷன் கிடையாது, தவளைதான். இன்னிக்கு வாய்க்கா வரைக்கும் தார் ரோடு. டவுன் பஸ் வந்து திரும்பற இடம் நம்ம வேப்ப மரத்தடி. அங்க திருவெறும்பூர்ல பாய்லர் ஃபாக்டரி வருது. எங்கெங்கேயோ இருந்து ஆளுங்க வந்து இறங்குறாங்க. அவங்கள்லாம் எங்க குடியிருப்பாங்க? தெப்பக்குளத்துச் சந்துலயா?

— ஃபாக்டரிக்காரா அங்கேயே குவார்ட்டர்ஸ் கட்டிப்பா.

— ஃபாக்டரிக்காரன் கட்டிப்பான். ஃபாக்டரிக்கு ஆணி விக்கறவன்? அவனுக்கு லாரி விடறவன்? அந்த லாரிக்காரன் பிள்ளைக்குப் பாடம் சொல்ற வாத்தியார்? இருபது வருஷம் காந்தி மார்க்கெட்டுல வெங்காய மண்டி வெச்சிருந்தவன் சார் நான். மூட்டையை மோந்து பாத்தே எது நிக்கும், எது அழுகும்னு சொல்லிடுவேன்.

— இது அழுகாதா?

— மண்ணு அழுகாது. அதான் மண்டியை விட்டுட்டு இதுக்கு வந்தேன்.

— சரி. சொல்ல வந்ததைச் சொல்லுங்க.

— மதுரையில இருந்து ஒரு பார்ட்டி. பெட்ரோல் பங்க் போடணும்ங்கறாரு. மூலை மனை, ரெண்டு பக்கமும் ரோடு. உங்க பதினேழும் பக்கத்துல என் பதினெட்டும் சேந்தாத்தான் அவருக்கு ஆகும். சதுர அடி மூணு ரூபா. நீங்க வாங்கினது எட்டணா.

— தெரியும்.

— சாயங்காலம் அஞ்சு மணிக்கு அட்வான்ஸோட வராரு. இல்லைன்னா நாளைக்கு அரியமங்கலம் பக்கம் பாக்கப் போறேன்னுட்டாரு. வஹீதா நிக்காஹ் அந்தப் பதினெட்டை நம்பித்தான் பேசியிருக்கேன். உங்களோடது சேரலைன்னா என்னோடது வெறும் பள்ளம்.

— பள்ளம்னு என்கிட்ட விக்கறப்போ சொல்லலையே.

— நீங்க கேக்கலையே! யாருமே கேக்கலை. ஸ்ரீரங்கத்துல இருந்து மனை பாக்க வரவங்க ஒருத்தராவது, மழை பேஞ்சா தண்ணி எங்க நிக்கும்னு கேட்டிருக்காங்களா? நேரா அந்த மூங்கில் பரண் மேல ஏறுவாங்க. வடக்க பாப்பாங்க. வெள்ளைக் கோபுரம் தெரியும். கன்னத்துல போட்டுக்குவாங்க. இறங்கும்போதே அட்வான்ஸ் கையில இருக்கும்.

— பரண் இன்னும் நிக்கறதே.

— நாளைக்கு ரெண்டு குடும்பம் வருது, மேலச் சித்திர வீதியில இருந்து. மூங்கிலை மாத்திப் புதுக் கயிறு போட்டிருக்கேன்.

— தரையில நின்னா என்ன தெரியும்?

— தரையில நின்னா வேப்ப மரம் தெரியும். நான் பொய் சொல்லலை சார். மாடி கட்டினா கோபுரம் தெரியும். எதிர் வரிசைக்காரன் மாடி கட்டாத வரைக்கும் தெரியும்.

— அதுக்கு அடிக்கு ரெண்டணா கூட.

— மேட்டு வரிசை ஆறணா, கோபுர வரிசை எட்டணா. பள்ளத்துக்குக் கூட விலை கொடுத்தது உங்க ஊர்க்காரங்கதான், நான் என்ன பண்ண? நாப்பது மனை போட்டேன், முப்பத்தாறு போச்சு. அத்தனையும் ஸ்ரீரங்கத்துக் குடும்பம். ரங்கா நகர்னு பேர் வெச்சது யாரு? இந்த ஹனீஃபா. எங்க வாப்பா பேரைப் போட்டு ஹபீபுல்லா நகர்னு வெச்சிருந்தா ஒரு மனை போயிருக்குமா?

— போயிருக்காது.

— வஹீதா ஒரு நாள் கேட்டுச்சு. வாப்பா, நம்ம நகர்ல நமக்கு ஒரு மனை எடுத்துக்கலாமேன்னு. நான் என்னத்தைச் சொல்ல? நாம குடி வந்தா மிச்ச மனை விக்காதும்மான்னா சொல்லுவேன்? பள்ளம்மா, மழைக்குத் தண்ணி நிக்கும்னு சொன்னேன். அதுகிட்ட மட்டும்தான் அந்த நெசத்தைச் சொன்னேன்.

— பெட்டியைத் திறங்க, பாய்.

— திறக்கறேன், திறக்கறேன். ஆமா, மனையை வெச்சிருக்கறவருக்குப் பிளான் எதுக்கு? வாங்கறவனுக்குத்தானே வேணும்?

— வேணும்.

— சரி, கேக்கலை. இந்தாங்க, நகல். நீலக் காயிதம், வெயில்ல வெச்சா வெளுத்துடும். பதினேழைச் சுத்தி நானே சிவப்பு மசியில கோடு போட்டு வெச்சிருக்கேன் பாருங்க. உங்க வீட்டம்மா முன்னாடி போட்ட கோடு அது.

— சரி.

— நெசத்தைச் சொல்லிடறேன் சார், அவங்க ஒருத்தங்கதான். மடிசாரோட விறுவிறுன்னு பரண் மேல ஏறிட்டாங்க, நீங்க கீழ நின்னுக்கிட்டு விழுந்துடப் போறே, பாத்து ஏறுன்னு கத்துறீங்க. எல்லாரும் வடக்க பாப்பாங்களா, அவங்க கிழக்க பாத்தாங்க. அதோ நீளமா தெரியறதே, அது என்ன கட்டடம் பாய்னு கேட்டாங்க. பெரியாஸ்பத்திரிம்மான்னேன். இங்கேருந்து எவ்வளவு தூரம்னாங்க. நடந்தா பத்து நிமிஷம்னேன்.

— இந்த மனை போதும்னா.

— அதேதான். இந்த மனை போதும்னாங்க. கோபுரத்தைப் பாக்கவே இல்லை. மறுநாளே வளையலைக் கழட்டிக் கொடுத்து...

— பாய், வேண்டாம்.

— மன்னிச்சுக்குங்க. சேதி கேட்டதும் கொட்டகையைப் பூட்டிட்டுக் கொள்ளிடக் கரைக்கு வந்தேன். தள்ளி நின்னேன்.

— பார்த்தேன்.

— கேக்கலாமோ கூடாதோ. ஊர்ல ஒரு பேச்சு இருக்கு. உங்க மாமனார் ஆசாரம் பாத்தாராம். வைகுண்ட ஏகாதசியும் அதுவுமா, வேத்து மனுஷி யாரும் வீட்டுக்குள்ள வரப்படாதுன்னு உத்தரவு போட்டுட்டாராம். பக்கத்து வீதியிலேயே நர்ஸம்மா இருந்தும், உங்க வீட்டம்மா பிரசவ வலியில அப்படிக் கிடந்தும்...

— ஊர் சொல்றது.

— நெசமா சார்?

— டவுன் டாக்டருக்கு ஃபோன் பண்ணினேன். கார்ல கிளம்பினார். காவேரிப் பாலத்துல ஏகாதசிக் கூட்டம். மூணு மணி நேரம் கார் அங்கேயே நின்னது. இது எனக்குத் தெரிஞ்சது. மத்தது ஊருக்குத் தெரிஞ்சது.

— குழந்தையும்...

— குழந்தையும்.

— யா அல்லாஹ்.

— சாயங்காலம் துக்கம் கேக்க வந்தவா என்ன சொன்னா தெரியுமா? பரமபத வாசல் திறந்த நாள்ல, ஸ்ரீரங்கத்துல பிராணன் போச்சே, யாருக்குக் கிடைக்கும் இந்த பாக்யம்னா. ஒருத்தர் என் கையைப் பிடிச்சுண்டு, கொடுத்து வெச்சவர் நீர்னார்.

— நீங்க என்ன சொன்னீங்க?

— எல்லாரும் விரதம். யாருக்கும் காப்பி போடற வேலை இல்லை.

— ரெண்டு வருஷம் ஆகியும் உங்களுக்குப் பேச்சு இப்படித்தான் வருது. பொன்மலை ரயில்வே ஆபீஸ்ல சொன்னாங்க, ஹூப்ளிக்கு மாத்தல் கேட்டு வாங்கியிருக்கீங்களாமே?

— திங்கக்கிழமை கிளம்பறேன்.

— அப்ப இந்த மனையை வெச்சுக்கிட்டு அங்க உக்காந்து என்ன பண்ணப் போறீங்க? ஹூப்ளியில இருந்து கோபுரம் தெரியாது சார். ஒரே ஒரு கையெழுத்து. உங்களுக்கு நான் கெடுதல் நினைப்பேனா?

— நினைக்க மாட்டீங்க.

— நான் ஒரு தப்பும் பண்ணிட்டேன். நீங்க ஒத்துக்க மாட்டீங்களோன்னு பயந்து, உங்க மாமனாருக்கும் ஆள் விட்டேன். பெரியவர் வாயால சொன்னா கேப்பீங்கன்னு.

— அவர் காவேரியைத் தாண்டி வர மாட்டார். கவலைப்படாதீங்க.

— வந்துட்டாரு. அதோ பஸ்ஸை விட்டு இறங்கிக் குடையை விரிக்கறாரு பாருங்க. சாமி! இந்தப் பக்கம் வாங்க! பரண் பக்கம் போகாதீங்க, சேறு!

— யாரு, ஹனீஃபாவா? என்ன ஓய் இது, கட்டாந்தரையில ஒரு கொட்டகையைப் போட்டுண்டு நகர்ங்கறீர்?

— மூணு மாசம் கழிச்சு வாங்க சாமி, அடையாளமே தெரியாது. உக்காருங்க. வெயில்ல வந்திருக்கீங்க. தண்ணி... அது... பக்கத்துல கிணறு ஒண்ணு இருக்கு, ஆள் விட்டு எடுத்தாரச் சொல்றேன்.

— அந்தக் கூஜாவுல என்ன இருக்கு?

— தண்ணிதான். ஆனா அது என்னோடது சாமி.

— கொடும். நா வரண்டு கிடக்கு.

— மாமா!

— என்ன மாப்பிள்ளை, தாகத்துக்குத் தீர்த்தம் கேட்டேன். சௌக்யமா இருக்கேளா?

— இருக்கேன்.

— இளைச்சுப் போயிட்டேளே. சாப்பாடு எங்க?

— ஹோட்டல்ல.

— கோதையோட வருஷாப்திகத் திதியை எங்க பண்ணினேள்? ஒரு சேதியும் இல்லை. உங்க மாமியார் வாசலையே பார்த்துண்டிருந்தா.

— பண்ணலை.

— பண்ணலையா?

— கோதைதான் நேரா பரமபதம் போயாச்சே, மாமா. ஊரே சொல்லித்து. அங்க சாப்பாடு போடாம விட்டுடுவாளா?

— சார், பெரியவர்கிட்ட இப்படியா பேசறது? சாமி, நீங்க மனசுல வெச்சுக்காதீங்க.

— பேசட்டும், ஹனீஃபா. ரெண்டு வருஷமா என்னைக் கண்டா எதிர்ச் சாரிக்குப் போயிடறவர், இன்னிக்கு நின்னு பேசறாரே. அதுவே பெருமாள் சித்தம்.

— எல்லாத்துக்கும் அவர் பேர்ல ஒரு ரசீது போட்டுடறேள்.

— நான் விஷயத்துக்கு வந்துடறேன் சாமி. நான் சொல்லி அனுப்பினது...

— தெரியும் ஓய். பெட்ரோல் வியாபாரிக்கு மனையை வித்துடணும், அதுக்கு அடியேன் சிபாரிசு பண்ணணும். அதுக்கு வரலை. விக்கப்படாதுன்னு சொல்லத்தான் பஸ் ஏறி வந்தேன்.

— போச்சுடா! சாமி, அடி மூணு ரூபா!

— முப்பதா இருந்தா என்ன? கோதை ஆசைப்பட்டு வாங்கின இடம். மாப்பிள்ளை, கொஞ்சம் காது கொடுத்துக் கேளுங்கோ. எங்க சின்னவ வேதவதிக்கு இந்தத் தையில பத்தொன்பது ஆயிடுத்து. உங்க மாமியாரும் நானும் பேசினோம். அவளை நீங்க பாணிக்ரஹணம் பண்ணிக்கணும்.

— மாமா, நான்...

— பதில் சொல்ல வேண்டாம், முழுக்கக் கேளுங்கோ. இந்த மனையில ஒரு க்ருஹம் கட்டுங்கோ. நாலு தலைமுறையா எங்க வம்சத்துல காவேரிக்கு இந்தப் பக்கம் ஒரு ராத்திரி தங்கினவா கிடையாது. நான் வரேன். கோயில் கைங்கர்யத்தைத் தம்பிகிட்ட ஒப்படைச்சுட்டு உங்களோட வந்து இருக்கேன்.

— இங்கேருந்து கோபுரம் தெரியாது, மாமா. பாயைக் கேளுங்கோ.

— சார், அதை ஏன் இப்ப...

— தெரியாட்டாப் போறது. ஆஸ்பத்திரி பக்கத்துல இருக்காமே.

— எதுக்கு மாமா இதெல்லாம்?

— அன்னிக்கு நான் ஆத்துல இருந்திருக்கணும். இல்லை. கூட்டத்து நடுவுல பெருமாள் பின்னாடி நின்னுண்டிருந்தேன். மூத்தவளுக்கு நான் பண்ணாததை இவளுக்காவது பண்ணிட்டுப் போறேன். உங்களை விட்டுடவும் எங்களுக்கு மனசில்லை. நீங்க என்னை என்ன வேணாலும் நினைச்சுக்கோங்கோ.

— வேதவதியைக் கேட்டேளா?

— அத்திம்பேர் சம்மதிச்சா சரிங்கறா.

— பத்திரத்துல ஒரு பேரை அடிச்சு இன்னொரு பேரை எழுதற மாதிரி.

— வாயைக் கழுவுங்க சார்! பெத்தவர் எந்த மனசோட இதைக் கேக்கறாருன்னு பாருங்க. நானும் பொண்ணைப் பெத்தவன்தான். பெட்ரோல் பங்க் நாசமாப் போவட்டும். சாமி சொல்றபடி வீட்டைக் கட்டுங்க. என் பதினெட்டு எப்படியோ போகட்டும்.

— பாய், நீங்க நல்லவர்.

— நல்லவன் கெட்டவன்லாம் அப்புறம். சரின்னு ஒரு வார்த்தை சொல்லுங்க.

— மனை என்கிட்ட இல்லை.

— என்னது?

— வித்தாச்சு. நேத்து ரிஜிஸ்தர் ஆயிடுத்து. பிளான் அவாளுக்குத்தான். முனிசிபாலிடியில காட்டணுமாம்.

— யாருக்கு? எனக்குத் தெரியாம எந்தப் புரோக்கர் உள்ள பூந்தான்? எவ்வளவு கொடுத்தான்? நாலா?

— எட்டணா.

— நாலு ரூபா எட்டணாவா!

— வெறும் எட்டணா. வாங்கின விலை.

— புத்தி பிசகிப் போச்சா சார் உங்களுக்கு? மூணு ரூபா மண்ணை எட்டணாவுக்கா? யார் அந்தப் புண்ணியவான்?

— ரோசரி.

— எந்த ரோசரி? ஸ்ரீரங்கத்துல பிரசவம் பாக்கற நர்ஸம்மாவா? தோல் பையைத் தூக்கிக்கிட்டு நடந்தே போவாங்களே?

— அவதான். அடுத்த மாசம் ரிடையர் ஆறா. நாலு கட்டில் போட்டு இங்க பிரசவ விடுதி கட்டப் போறா.

— முடிஞ்சுது. என் கதை முடிஞ்சுது. நாளைக்கு மேலச் சித்திர வீதிக்காரங்க பரண் மேல ஏறி நின்னு, பக்கத்து மனை யாரோடதுன்னுதானே முதல்ல கேப்பாங்க! நான் என்ன சொல்லுவேன்? கோபுரத்தைப் பாருங்க, கீழ பாக்காதீங்கன்னா? என் பொண்ணையே வர வேண்டாம்னு சொல்லிக் கட்டிக் காத்த நகர் சார் இது!

— தெரியும்.

— தெரிஞ்சே பண்ணியிருக்கீங்க. முப்பத்தாறு பேரும் அட்வான்ஸைக் கேட்டு வருவாங்க.

— பத்திரம் பதிஞ்சாச்சு. எங்க போவா? பள்ளத்துல வீடு கட்டிண்டு இருக்க வேண்டியதுதான்.

— சிரிக்காதீங்க. நாலு கட்டிலா சொன்னீங்க?

— நாலு.

— நாலு கட்டில்னா நாலு புள்ளைத்தாய்ச்சி. ஒருத்திக்கு நாலு பேர் கூட வருவாங்க. மாமியா, ஆத்தா, புருஷன், வேடிக்கை பாக்க ஒண்ணு. ராத்திரி பகல்னு கிடையாது. மருந்துக்கு எங்க ஓடுவாங்க? நாலு ரோட்டுக்கா? சார், வஹீதாவுக்குப் பேசியிருக்கற பையன், தாஜுதீன், மருந்துக் கடையிலதான் நிக்கறான். பதினெட்டுல அவனுக்கு ஒரு கடையை வெச்சுக் கொடுத்தா? அர்த்த ராத்திரியில மருந்து வாங்க வரவன் கடைக்காரன் பேரைக் கேக்க மாட்டான்.

— கேக்க மாட்டான்.

— மேல மாடி எடுத்து வஹீதாவைக் குடி வெச்சுடலாம். கீழ தண்ணி நின்னாலும் மேல ஏறாது. பெட்ரோல்காரன் அரியமங்கலத்துக்கே போகட்டும்.

— மாடியில இருந்து வஹீதாவுக்குக் கோபுரம் தெரியும், பாய்.

— எங்கேயோ ஆரம்பிச்சு எங்கேயோ வந்து நிக்குது. சாமி, முகம் ஒரு மாதிரி ஆயிடுச்சே. இன்னொரு வாய் தண்ணி குடிங்க.

— அவளுக்கா?

— போவட்டும் சாமி. காலம் மாறுது. பிரசவம் பாக்கறவங்க கிட்டப் போயி மதம், சாதின்னு...

— நீர் நினைக்கறது அது இல்லை, ஹனீஃபா. மாப்பிள்ளை, என் குழந்தையோட மனையை அவளுக்கா கொடுத்தேள்? அந்த ரோசரிக்கா?

— ஆமாம், மாமா.

— உலகத்துல வேற யாருக்கு வேணாலும் கொடுத்திருக்கலாமே. சண்டாளி. வரேன்னு சொல்லிட்டு வராதவ.

— என்ன சாமி சொல்றீங்க? வரேன்னு யார்கிட்டச் சொன்னாங்க?

— என்கிட்டத்தான். நான்தான் ஆள் அனுப்பினேன்.

— நீங்களா?

— நான்தான் ஓய். ஊர் என்ன பேசறதுன்னு எனக்குத் தெரியாதா? பெருமாள் திருமாமணி மண்டபத்துல எழுந்தருளியிருக்கார். வலி கண்டுடுத்துன்னு சேதி வரது. எப்பவும் வர மருத்துவச்சி அந்த ஜனக் கூட்டத்துல எங்க இருக்காளோ. பாலத்துல வண்டி நகராதுன்னு எனக்குத் தெரியும். யோசிச்சேன். பொய் சொல்லலை, கொஞ்சம் யோசிக்கத்தான் செஞ்சேன். அப்புறம் தீவட்டி பிடிக்கற காத்தமுத்துவைக் கூப்பிட்டு, ஓடிப் போய் ரோசரியை உடனே எங்காத்துக்குப் போகச் சொல்லுன்னேன். பின்கட்டு வழியா வேண்டாம், முன்வாசல் வழியாவே உள்ள போகட்டும், நான் சொன்னேன்னு சொல்லுன்னேன்.

— ஏகாதசி அன்னிக்கா?

— ஏகாதசி அன்னிக்குத்தான்.

— இதை ஏன் சாமி இத்தனை நாள் வெளியில சொல்லலை? ஊர் உங்களைக் கரிச்சுக் கொட்டுதே!

— சொன்னா கைங்கர்யம் போயிடும்னு பயந்தேன். பெரிய மனுஷத்தனம்லாம் இல்லை. அப்புறம், சொல்லித்தான் என்ன ஆகணும்? அவ திரும்பி வரப் போறாளா?

— அந்தக் காத்தமுத்து போய்ச் சொன்னானா?

— சொல்லிட்டுத் திரும்பி வந்தான். பையை எடுத்துண்டு கிளம்பிட்டா சாமின்னான். நான் நிம்மதியா பெருமாள் பின்னாடி நின்னேன். ஆத்துக்கு வந்தா எல்லாம் முடிஞ்சு கிடக்கு. உள்கட்டுல இருந்தவாளுக்கு ஒண்ணும் தெரியலை. வாசல்ல மாப்பிள்ளைதான் நின்னுண்டிருந்தார். நர்ஸு வந்தாளான்னு இவரைத்தான் முதல்ல கேட்டேன். வரலைன்னார். நீங்கதானே சொன்னேள், மாப்பிள்ளை?

— சொன்னேன்.

— பக்கத்து வீதியில இருந்து கிளம்பினவ எங்க போனா? ரெண்டு வருஷமா இதே கேள்வி. சன்னதியில கண்ணை மூடினாலும் இதுதான் முன்னாடி நிக்கறது. ஒரு நாள் கீழ வீதியில நேருக்கு நேரா வந்துட்டா. ஜனங்க பார்க்க, வராம இருந்துட்டியே பாவின்னு கத்தினேன். தலையைக் குனிஞ்சுண்டு போனா. குத்தம் இல்லாதவ ஒரு வார்த்தை சொல்ல மாட்டாளா? அவளுக்குப் போய் இந்த மனையா? ஏன்னு மட்டும் சொல்லுங்கோ, மாப்பிள்ளை. நான் எழுந்து போயிடறேன்.

— அவ வந்தா, மாமா. பையோட முன்வாசல்ல வந்து நின்னா. பெரியவர்தான் அனுப்பினார்னு சொன்னா. ஏகாதசி அன்னிக்கு அவராவது உன்னை அனுப்பறதாவதுன்னு சொல்லி, கதவைச் சாத்தினவன் நான்.